வார்ணம்பூல் காவல்காரர்கள்

மகனோ மகளோ மெல்பர்னில் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே இன்று நிறையவே உண்டு. பட்டமளிப்பு விழாவைச் சாக்காக வைத்து அப்பாவும் அம்மாவும் ஒரு முறையாவது விமானம் ஏறிவிடுகிறார்கள். போனவர்கள் தவறாமல் பார்த்துவிட்டு வருவது அங்குள்ள மாபெரும் கடற்கரைச் சாலையை. முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய போர்வீரர்கள், மாண்டுபோன தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை மலையை வெட்டிப் போட்ட சாலை அது. கடலுக்குள் நிற்கும் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' பாறைகளுக்கு முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு, அன்றிரவே மெல்பர்ன் திரும்பிவிடுவது வழக்கம்.

வாசகர்களே, நீங்கள் போனால் அந்த இடத்தோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் மேற்கே போனால் வார்ணம்பூல் என்ற ஊர் வரும். வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்த்தவர்கள், அல்லது வளர்த்த அம்மாவுக்குப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள், அந்த ஊரின் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்பர்னிலிருந்து நேர் வழியில் வந்தால் 260 கிலோமீட்டர் இருக்கும். சதர்ன் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் பசும்புல்லும் கறவை மாடுகளும்தான். ஊரை நெருங்கும்போது காற்றின் குணமே மாறிவிடும். அந்தக் கரைக்குத் தெற்கே உள்ளது தென்முனைப் பெருங்கடல். அதற்கு அப்பால் பனிக்கண்டம்தான். நம் போர்ட் டிக்சன் கடலை நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டையோடு இறங்கினால் பல் கிட்டிப்போகும்.

ஊரின் துறைமுகத் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில், மெரி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், ஒரு சிறு தீவு தெரியும். அதற்கு நடுத்தீவு என்று பெயர். தீவு என்று சொல்வதைவிட மேலே புல் முளைத்த பெரிய பாறை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கரைக்கும் அதற்கும் இடையே ஒரு சின்னக் கால்வாய் அளவுதான் தண்ணீர். கடல் வற்றும் வேளையில் கால்சட்டையை மடித்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். வந்த வினையும் அந்த ஆழமில்லாத தண்ணீரால்தான் வந்தது.

அந்தத் தீவில் காலங்காலமாகச் சிறு பென்குயின்கள் குடியிருந்தன. பிலிப் தீவுக்குப் போய் மாலையில் பென்குயின் ஊர்வலம் பார்த்தவர்களுக்கு அந்தப் பறவையைத் தெரிந்திருக்கும். பென்குயின் இனத்திலேயே சிறியது அது. உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல், எடை சுமார் 1 கிலோ. முதுகு நீலம், வயிறு வெள்ளை. விடியுமுன் கடலுக்குப் போய் மீன் பிடித்துவிட்டு, இருட்டிய பிறகு கூட்டமாகக் கரையேறும். மண்ணில் வளை தோண்டி, இரண்டு முட்டை இட்டு, ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏறக்குறைய 5 வாரம் அடைகாக்கும். பறக்கத் தெரியாது. தரையில் வேகமாக ஓடவும் வராது. ஒரு காலத்தில் நடுத்தீவில் 600க்கு மேற்பட்ட பென்குயின்கள் இருந்தன. 2005ஆம் ஆண்டில் எண்ணியபோது பத்துகூடத் தேறவில்லை.

எல்லாம் நரி செய்த வேலை. ஆஸ்திரேலியா நரிக்குச் சொந்த நாடு அல்ல. குதிரை ஏறி நரி வேட்டையாடிப் பழகிய ஆங்கிலேயர்கள், அந்தப் பொழுதுபோக்கை விட மனமில்லாமல் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டுச் செந்நரியைக் கொண்டுவந்து விட்டார்கள். நரி நாடு முழுவதும் பரவிவிட்டது. அங்குள்ள சிறு பிராணிகளும் பறவைகளும் அப்படியொரு எதிரியைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டதே இல்லை. தப்பிக்கும் வழி அவற்றுக்கு எப்படித் தெரியும்?

நரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தப்பி ஓட முடியாத பறவைகள் மொத்தமாக அகப்பட்டால், பசி தீர்ந்த பிறகும் கொன்றுகொண்டே போகும். காலையில் கோழிக்கூட்டைத் திறந்து பார்த்து, பத்துக் கோழி செத்துக் கிடக்க, தின்னப்பட்டது ஒன்றே ஒன்றுதான் என்று கண்டவர்கள் நம் லயங்களிலும் உண்டு. நம் ஊரில் அது மூசாங் வேலை. நடுத்தீவிலும் அப்படித்தான் நடந்தது. இரவில் தண்ணீர் வற்றியதும் நரி தீவுக்கு நடந்து போகும். விடியும்போது சிறகும் சடலமுமாகக் கிடக்கும். நஞ்சு வைத்தார்கள், சுட்டார்கள். ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தது.

இனி அந்த ஊர்க் கோழிப்பண்ணைக்காரரிடம் வருவோம். அவர் பெயர் ஆலன் மார்ஷ். ஊரார் அவரை 'ஸ்வாம்பி' மார்ஷ் என்பார்கள். ஸ்வாம்பி என்றாலும் மார்ஷ் என்றாலும் சதுப்பு நிலம்தான். வேடிக்கைக்காக ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. கோழிகளைக் கூண்டில் அடைக்காமல் புல்வெளியில் மேயவிட்டு முட்டை எடுப்பவர். மேய்கிற கோழியைச் சுற்றி நரி வராமல் இருக்குமா? ஆரம்பத்தில் துப்பாக்கியோடு இரவெல்லாம் கண்விழித்திருந்தார். பிறகு மரேம்மா என்ற இத்தாலிய நாயைக் கோழிகளோடு விட்டார். அதன்பின் நிம்மதியாகத் தூங்கினார்.

கோழியை நாய் காப்பது போலப் பென்குயினையும் காக்காதா? சாதாரணமான கேள்விதான். ஆனால் அதிகாரிகள் காதில் அது எளிதில் ஏறவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அழியப்போகும் பறவை இருக்கும் இடத்தில் நாயைக் கொண்டுபோய் விடு என்றால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? மார்ஷின் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்து வந்த டேவிட் வில்லியம்ஸ் என்ற மாணவர், அந்த யோசனையை முறையான திட்டமாக எழுதிக் கொடுத்தார். 2006இல் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. தீவுக்குப் போன முதல் நாயின் பெயர் ஒட்பால். ஊரோடு ஒத்துப்போகாத ஒரு மாதிரியான ஆளை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஒட்பால் அங்கே அதிக நாள் தங்கவில்லை. பழகிய கோழிகளிடமே திரும்பிவிட்டது. ஆனால் அது இருந்த நாட்களில் நரி தீவை அண்டவில்லை. அது போதுமே! அடுத்தடுத்து வேறு மரேம்மாக்கள் பொறுப்பேற்றன.

இந்த மரேம்மா என்ன ஜாதி நாய் என்று கேட்பீர்கள். இத்தாலியின் மரேம்மா, அப்ருட்சோ மலைப் பகுதிகளில் ஆட்டுக்கிடை காத்த நாய் அது. உடம்பெல்லாம் அடர்ந்த வெள்ளை ரோமம். எடை 30 முதல் 45 கிலோ வரை. நரியோ ஆறேழு கிலோதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ரோமானியரின் வேளாண்மை நூல்களிலேயே காவல் நாயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொலுமெல்லா என்பவர் முதல் நூற்றாண்டில் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: வீட்டுக் காவலுக்குக் கறுப்பு நாய் வை, இருட்டில் திருடன் பயப்படுவான், ஆட்டுக்கிடைக்கு வெள்ளை நாய் வை, விடியற்கால மங்கலில் ஓநாய் என்று நினைத்து நீயே அதை அடித்துவிட மாட்டாய். இராமநாதபுரத்துப் பக்கம் கிடை போட்ட குடும்பத்திலிருந்து வந்த நம் பெரியவர்கள் பட்டிநாய் என்று சொன்னதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்த நாயைத்தான்.

வெள்ளையாகவும் பெரிதாகவும் இருந்தால் மட்டும் காவல் நாய் ஆகிவிடாது. நம் இராஜபாளையமும் வெள்ளைதான், வீட்டுக்காவலிலும் கெட்டிக்கார நாய்தான். ஆனால் அது வேட்டைக்கென்று வந்த ஜாதி; ஓடுவதைக் கண்டால் துரத்தச் சொல்லும் இரத்தம். ஆடு மேய்க்கும் நாய்களிலேயே இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோலி போன்றவை ஆட்டை முறைத்துப் பார்த்து, பதுங்கி, துரத்தித் திருப்பும். அது வேட்டையின் முதல் பாதி. கடிப்பதை மட்டும் மனிதன் நிறுத்தி வைத்திருக்கிறான். மரேம்மா துரத்தாது. ஆட்டுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குச் சோம்பேறி என்றே தோன்றும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற தம்பதியர் 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் காவல் நாய்களை வளர்த்து, பண்ணைகளுக்குக் கொடுத்து, ஆராய்ச்சி செய்தார்கள். நல்ல காவல் நாய்க்கு மூன்று குணம் வேண்டும் என்றார்கள். தன் மந்தையை விட்டு அகலாமல் அதன்மேல் கவனமாக இருப்பது ஒன்று. மந்தைக்குத் தானே தீங்கு செய்யாமல் நம்பிக்கைக்கு உரியதாக இருப்பது இன்னொன்று. எதிரியைத் தடுப்பது மூன்றாவது. நாம் நாய் வாங்கப் போனால் மூன்றாவதைத்தான் முதலில் கேட்போம். "நல்லா கடிக்குமா?" என்போம். முதல் இரண்டும் இல்லாத நாயின் வீரத்தை வைத்துக்கொண்டு கோழிக்காரர் என்ன செய்வது?

அந்த இரண்டு குணமும் குட்டிப் பருவத்தில் படிகிறவை. கண் திறந்து நடமாடத் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆவதற்குள் யாரோடு பழகுகிறதோ, அவர்களையே நாய் தன் சொந்தம் என்று கொள்ளும். மனிதரோடு மட்டும் வளர்ந்தால் வாசற்படியில் வந்து படுக்கும். ஆட்டோடும் கோழியோடும் வளர்ந்தால் ராத்திரியில் அங்கேதான் போய்ப் படுக்கும். தன் சொந்தத்தைச் சுற்றி அன்னிய வாசனை வந்தால் எழுந்து குரைக்கும். எல்லையில் சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும். இதில் சண்டைக்கு இடமே அதிகம் இல்லை. நரி கணக்குப் பார்க்கிற பிராணி. பெரிய நாயின் வாசனையும் குரலும் இருக்கிற இடத்தில் இரை தேடுவதைவிட வேறு இடம் போவது லாபம் என்று போய்விடும்.

நடுத்தீவுக்கு அனுப்பிய நாய்களையும் இப்படித்தான் பழக்கினார்கள். முதலில் கோழிகளோடு வாழ்க்கை, பிறகு பென்குயின் வாசனை, பிறகு தீவு. பென்குயின்கள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நாய்கள் தீவில் தங்கும். ஆட்கள் போய்ச் சோறு தண்ணீர் வைத்துக் கவனித்துவிட்டு வருவார்கள். யூடி, டூலா என்று இரண்டு சகோதரி நாய்கள் பல ஆண்டுகள் அங்கே காவல் இருந்தன. சிறு பென்குயினின் விஞ்ஞானப் பெயரான யூடிப்டூலாவை இரண்டாகப் பிரித்து வைத்த பெயர்கள் அவை! அவற்றுக்குப் பின் வந்தவற்றின் பெயர் மெஸ்ஸோ, இசோலா. இத்தாலிய மொழியில் நடு, தீவு. பத்துக்குக் கீழே போயிருந்த பென்குயின்கள் நூற்றைத் தாண்டின. 2015இல் 'ஒட்பால்' என்ற பெயரிலேயே சினிமாவும் வந்தது. சினிமாவுக்கு வேண்டிய கலப்படம் அதில் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம்தான்.

சினிமா வந்து இரண்டு ஆண்டுக்குள், 2017இல், கடல் கொந்தளித்தது. ஆட்களும் நாய்களும் தீவுக்குக் கடக்க முடியாத நாட்கள் தொடர்ந்து வந்தன. அந்த இடைவெளியில் நரி எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு ஆட்கள் போய்ப் பார்த்தபோது மறுபடியும் சடலங்கள். பத்தாண்டு நாய் வாசனை படிந்திருந்த பாறைதான். நாய் இல்லை என்று நரிக்குத் தெரிந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நம் வீட்டுக் கோழிக்கும் ஒரு மரேம்மா வாங்கலாமா என்று யாராவது கிளம்பினால், வேண்டாம் என்றே சொல்வேன். மலை நாட்டுக் குளிருக்கு வளர்ந்த ரோமத்தை நம் ஊர் வெயிலில் சுமக்க வைப்பது பாவம். நம் எதிரிகளும் வேறு. பகலில் பருந்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் பியாவாக், இரவில் மூசாங், எல்லாவற்றுக்கும் மேலே மலைப்பாம்பு. நாய் இருக்கும் முற்றத்தில் மூசாங்கும் பியாவாக்கும் தயங்கும். ஆனால் மலைப்பாம்புக்கு நாயே இரைதான். அதனால் இருட்டியதும் கோழியைக் கூட்டில் அடைத்து, கண் சிறுத்த கம்பிவலை போட்டு, இடுக்கில்லாமல் கதவைப் பூட்டுவதுதான் முதல் காவல். நாய் அதற்கு அடுத்தபடி.

அந்த அடுத்தபடிக்கு நம் நாட்டு நாயே போதும், குட்டியிலிருந்து பழக்கினால். தோட்டங்களில் நாய்க்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வெட்டுக்காட்டுக்கு ஆளோடு போய்வரும் நாய்கள், அல்லது காட்டுப்பன்றி விரட்டும் நாய்கள். பன்றி விரட்டிப் பழகிய நாயிடம் கோழியை ஒப்படைப்பது பூனையிடம் கருவாட்டுக் கூடையைக் கொடுப்பது போலத்தான். இரண்டு மாதக் குட்டியாக எடுத்து, கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே, நடுவில் கம்பிவலை இருக்கும்படி, அதற்கு இடம் போடுங்கள். கோழிக்குத் தீனி போடப் போகும்போதெல்லாம் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போங்கள். முதலில் அதட்டிக் கொத்தத் தெரிந்த பெரிய கோழிகளோடு பழகட்டும். குஞ்சுகளைக் கடைசியில் காட்டலாம்.

ஆடு காக்கும் நாயைவிடக் கோழி காக்கும் நாயைப் பழக்குவது கடினம். கோழி திடீரென்று சிறகடித்து ஓடும். ஆறு மாதக் குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் உலகத்தில் கிடையாது. கொல்ல வேண்டும் என்று கொல்வதில்லை, விளையாடிக் கொன்றுவிடும். ஒன்றரை, இரண்டு வயது ஆகும் வரை ஆள் இல்லாமல் கோழியோடு தனியே விடக்கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான். வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்: கோழியைத் துரத்தி விளையாடும் பையனைப் பார்த்துத்தான் நாய்க்குட்டியும் துரத்தக் கற்றுக்கொள்ளும். வயிறு நிறையச் சோறு போட்டு, அதைக் கோழி மேயாத இடத்தில் வையுங்கள். சோற்றுத் தட்டில் கோழி மூக்கை நுழைத்ததால் கெட்டுப்போன நட்புகள் பல.

நாய் வைப்பவர்களுக்கு இன்னும் இரண்டொரு கடமை உண்டு. நகராட்சி உரிமம், வெறிநாய்க் கடி நோய்க்கான தடுப்பூசி இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள்; 2017இல் சரவாக்கில் அந்த நோய் தலைகாட்டி உயிர்களைக் குடித்ததை நாம் கண்டோம். வேலி போட்டு வையுங்கள். நாய் தீண்டுவதை விரும்பாத மலாய்க்கார அண்டை வீட்டாரும் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்கள் வாசலில் நம் நாய் போய் நிற்கலாமா? சிங்கப்பூர் அடுக்குமாடி வாசகர்களுக்குக் கோழியும் இல்லை, இந்தக் கவலையும் இல்லை. அவர்கள் வார்ணம்பூல் போய்ப் பார்த்து வரட்டும்.

போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுத்தீவில் பொதுமக்கள் கால் வைக்கக்கூடாது. மனிதர் மிதித்தாலே பென்குயின் வளைகள் இடிந்துவிடும். எதிர்க்கரையில் மரப்பலகை மேடை ஒன்று இருக்கிறது. அங்கே நின்றால் தீவு முழுவதும் தெரியும். கொண்டுபோன இருநோக்கியைக் கண்ணில் வைத்து, நரி கடந்த அந்தத் தண்ணீரின் அகலத்தையும் பாருங்கள். நம்மூர் ஓடையில் பிள்ளைகள் தாண்டும் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாய்கள் எந்தெந்த நாட்களில் எங்கே இருக்கும், அவற்றைப் பார்க்க முடியுமா என்பதை ஊரின் பயணிகள் தகவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்பாடு மாறக்கூடும். கோடை காலத்தில் நாய்களைப் பக்கத்திலிருந்து பார்க்கும் நிகழ்ச்சிகள் நடந்ததுண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு வேறொரு காட்சியும் கிடைக்கலாம். ஊருக்குக் கிழக்கே லோகன்ஸ் கடற்கரைக்குத் திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரையோரமாக வரும். பென்குயின்கள் குஞ்சு பொரிப்பது அதற்குப் பிறகு, வசந்தத்திலும் கோடையிலும். எந்த மாதம் போனாலும் தடித்த குளிர்ச்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். குடையை நம்ப வேண்டாம். அந்தக் காற்று முதல் நாளே அதைப் பறித்துக்கொண்டு போய்விடும்.